சேரன்மகாதேவி முதல் சூரிச் வரை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னடியன் கால்வாய் பாயும் சிற்றூர் ஒன்றில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். 1998இல் சிங்கப்பூருக்குப் போனேன். 2007 முதல் சூரிச்சில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். ஆனித் தேரோட்டத்தை ஒட்டி ஆண்டுதோறும் ஊருக்கு வரும்போது திண்ணையிலும் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் எதிர்கொள்கிறேன். வாய்ப்பேச்சில் பதில் பாதியில் நிற்கும்போதே இலைக்குப் பாயசம் வந்துவிடுகிறது. ஆகையால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்கிறீர்களே, அது எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை. பிறரை அடிக்காமல், திருடாமல், ஏமாற்றாமல் வாழும் ஒருவரை அவருடைய உடல், உழைப்பு, சொத்து, பேச்சு ஆகியவற்றில் அவர் போக்கில் விட்டுவிட வேண்டும்; அவரை வற்புறுத்த விரும்புகிறவர், அது அரசாகவே இருந்தாலும், வலுவான காரணம் காட்ட வேண்டும் என்பதே இக்கொள்கையின் சாரம். தமிழில் தனிமனிதச் சுதந்திரவாதம் எனலாம். வெளிநாட்டில் இருந்த காலத்தில் நான் இதை என் பயன்பாட்டுக்கு இன்னும் சுருக்கிக்கொண்டேன். ஓர் ஏற்பாடு பிடிக்காவிட்டால் அதிலிருந்து ஒருவர் வெளியேற முடியுமா, வெளியேறினால் எதை இழப்பார், மனம் மாறினால் திரும்பி உள்ளே வர முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். நாடு, வேலை, திருமணம், ஜாதி, வங்கி, செல்பேசிச் செயலி ஆகிய அனைத்தையும் இதே வாசற்படியில் நிறுத்திப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

இது மேல்நாட்டுச் சரக்குதானே? தமிழ்நாட்டில் இப்படி யார் பேசியிருக்கிறார்கள்?

ராஜாஜி பேசியிருக்கிறார். 1959இல், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் அவர். எதைத் தொடங்குவதற்கும் அரசிடம் கைகட்டி நிற்க வேண்டியிருந்த நிலைமைக்கு 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்' என்று பெயர் வைத்தவரும் அவரே. அதற்கு முன்பே, 1952இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது, உணவு தானியக் கட்டுப்பாட்டை ஒரே அறிவிப்பில் நீக்கினார். பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் பலர், வரவில்லை. ஆனால் 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் இதே ராஜாஜிதான். நெல்லை எங்கே விற்பது என்பதை உழவரிடம் விட்டுவிடலாம் என்றவர், கள்ளைக் குடிப்பதா என்பதைக் குடியானவரிடம் விட மறுத்தார். அவருடைய 1952ஐ எடுத்துக்கொண்டு 1937ஐ விட்டுவிடுகிறேன்.

வ.உ.சி.யை லிபர்டேரியன் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், நானும் சொல்லவில்லை. எனினும் 1906இல் அவர் தொடங்கிய சுதேசி நாவாய்க் கம்பெனியின் கதையை, அரசும் ஏகபோகமும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் கண்ட மிகத் தெளிவான பாடமாகவே கருதுகிறேன். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் மூலதனம் என்று திட்டமிட்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்னும் கப்பல்களை ஓட்டினார். எதிரியான ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அது வணிகம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கட்டணப் போட்டியால் சாயாத கம்பெனியை 1908இன் கைதும் தண்டனையும் சாய்த்தன. நாற்பதாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு 1912இல் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை. வக்கீல் தொழிலுக்கான உரிமமான சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது.

அரசு இல்லாவிட்டால் சாலை யார் போடுவார்கள்?

உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் எங்களைப் போன்றவர்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. நெல்லைக்காரர் கேட்டால் அவரை வண்ணார்பேட்டை வழியாகத் திருநெல்வேலி ரயில் சந்திப்புக்கு ஒருமுறை போய் வரச் சொல்வேன். 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த அந்த மனிதரின் சொந்தப் பணத்தில் கட்டப்பட்டது. இன்றும் அதன் மேல்தான் பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும் ஒன்றையொன்று பார்க்கப் போகின்றன. ஆனால் இந்த எடுத்துக்காட்டை நான் ஓர் எல்லைக்கு மேல் இழுப்பதில்லை. பாலம் வேண்டும் என்று முனைந்தது கலெக்டர். பணம் கொடுத்தவரும் அரசு ஊழியர். தனியார் கொடையால் பாலம் கட்ட முடியும் என்பதற்கு அது சான்று. எல்லாப் பாலங்களும் அப்படியே முளைக்கும் என்பதற்குச் சான்றாகாது.

அப்படியென்றால் ஊரை விட்டு ஏன் போனீர்கள்? வரி கட்டப் பிடிக்காமலா?

இருபத்தி மூன்று வயதில் எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லை. ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் நடந்தது உண்மை. அந்த எரிச்சலைத்தான் நீண்ட காலம் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அலுவலகத்தை விடத் தெருதான் என்னை அதிகம் துரத்தியிருக்கிறது என்று தோன்றுகிறது. எங்கே போகிறாய், யாருடன் பேசினாய், அந்தத் தெருவில் உனக்கென்ன வேலை என்று கேட்பதற்கு எங்கள் தெருவில் எந்தச் சட்டப்பிரிவும் தேவைப்படவில்லை. சிங்கப்பூரில் இறங்கிய முதல் வாரம், மின்தூக்கியில் என்னுடன் வந்த ஒருவரும் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காததை ஒரு செல்வம்போல அனுபவித்தேன். ஆறாவது மாதத்தில், யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது. அது வேறு கதை.

சிங்கப்பூர்தான் உங்கள் கொள்கைக்கு முன்மாதிரி நாடாமே?

தொலைவிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும். வரி குறைவு, நிறுவனம் பதிவு செய்வது ஓரிரு நாள் வேலை, லஞ்சம் கேட்பாரில்லை. பக்கத்தில் போனால், நிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் அரசுக்குச் சொந்தம். நாட்டில் குடியிருப்போரில் ஐந்தில் நால்வர் அளவுக்கு அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். 1989 முதல் எந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எந்த இனத்தவர் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சூயிங்கம் விற்பனை 1992இல் தடை செய்யப்பட்டதை எல்லோரும் நகைச்சுவையாகச் சொல்வார்கள். கூட்டம் கூடிப் பேச அனுமதி வாங்க வேண்டும் என்பதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

இருந்தும் நான் அந்நாட்டை நன்றியோடு நினைக்கிறேன். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே தஞ்சோங் பகாரில் போய் வேரூன்றியதற்குக் காரணம், உழைப்பவரை உள்ளே விடும் துறைமுகமாக அது இருந்ததே. நான் அங்கிருந்து கிளம்பியதற்கு என் மகன் ஒரு காரணம். நிரந்தரவாசியின் மகன் நிரந்தரவாசியாகவே வளர்ந்தால் இரண்டாண்டுக் கட்டாயத் தேசியச் சேவை உண்டு. ஒருவருடைய வாழ்நாளில் இரண்டாண்டை அவர் சம்மதமின்றி எடுத்துக்கொள்ளும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்று நம்புகிறவன் நான். நான் போய்ச் சேர்ந்த சுவிட்சர்லாந்திலும் கட்டாய ராணுவப் பணி உண்டு. குடிமக்களுக்கு மட்டும் என்பதால் தப்பினோம். கொள்கையின் வெற்றி என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் மக்களே நேரடியாகச் சட்டம் போடுகிறார்களாமே? அது நம் ஊருக்கு வந்தால் நன்றாக இருக்காதா?

ஒரு லட்சம் கையெழுத்தைப் பதினெட்டு மாதங்களுக்குள் திரட்டினால் அரசியல் சாசனத் திருத்தத்தையே வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எதிர்க்க நூறு நாட்களில் 50,000 கையெழுத்து போதும். ஆண்டுக்கு நான்கு முறை அளவில் அண்டை வீட்டாரின் அஞ்சல் பெட்டிக்கு வாக்குச்சீட்டு உறை வருகிறது. வரி விகிதத்தில் ஒரு பகுதியை ஊராட்சியே முடிவு செய்வதால், பிடிக்காதவர் பக்கத்து ஊராட்சிக்குக் குடிபெயரலாம். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வசதிதான்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். 2009இல் மசூதிக் கோபுரம் கட்டுவதைத் தடைசெய்யும் முன்மொழிவுக்கு 57 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரவாக வாக்களித்தார்கள். அப்போது நாடு முழுவதும் அப்படிப்பட்ட கோபுரங்கள் நான்கே நான்கு இருந்தன. மேலப்பாளையத்தின் பாங்கோசை கேட்டு வளர்ந்த எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சரியாகச் சாப்பிட முடியவில்லை. எம்மன் என்னும் ஊரில் யாருக்குக் குடியுரிமை தரலாம் என்பதை 2000ஆம் ஆண்டில் வாக்குப்பெட்டியிலேயே முடிவு செய்து, இத்தாலியர்களை ஏற்று யுகோஸ்லாவியர்களைத் தள்ளினார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் அம்முறை செல்லாது என்றது. பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல். அப்பன்செல் உட்பகுதி மாநிலம் 1990இல் நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பிறகே இறங்கி வந்தது. எங்கள் தெரு கையுயர்த்தி வாக்களித்திருந்தால் 1998இல் எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்திருக்குமா என்று சில சமயம் யோசிப்பதுண்டு.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? அது ஓர் அடையாளப் புத்தகம்தானே?

உங்கள் பாஸ்போர்ட் உங்களுடையதன்று. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அது எப்போதும் மத்திய அரசின் உடைமை. அந்தச் சட்டமே கூட உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்ததுதான். வெளிநாடு செல்வது அரசின் கருணையாக இருந்த காலத்தில், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் அது சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையின் ஒரு பகுதி என்று அந்நீதிமன்றம் 1967இல் சொன்னது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனதை, மதுரைக்குப் போய் வந்ததைப் போலவே பேசுவார்கள். அவர்களில் சிலர் கடை வைத்தார்கள். எண்ணற்றோர் மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறித்தார்கள். 1948இல் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியதும், தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தோர் ஒரே நாளில் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரின் கணக்கு பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. கண்டிச் சீமையில் பிறந்து வளர்ந்து, ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஒரு பாட்டி எங்கள் தெருக்கோடியில் இருந்தார். குளிர் இல்லாத ஊரில் எப்படித் தூங்குவது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் ஏற்பாடு அது. படிக்காதவரை ஏமாற்றுக்காரரிடமிருந்து காப்பதே நோக்கம் என்கிறார்கள். அந்த நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து சவூதிக்குப் போன கொத்தனார் ஒருவர் சொன்னது மனத்தில் நிற்கிறது: "தம்பி, ஒனக்கு ஒரு வாசல், எனக்கு ரெண்டு வாசல். ரெண்டாவது வாசல்லதான் ஏஜென்ட் நிக்கான்."

கூடங்குளத்தை இங்கே சேர்த்தே ஆக வேண்டும். அணுஉலைக்கு எதிராக இடிந்தகரையில் மக்கள் போராடியபோது ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம் உட்பட வழக்குகள் பதியப்பட்டன. குற்றவியல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது சட்டம். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் அப்போராட்டக்காரர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கடற்கரை ஊர் இளைஞனுக்குக் கப்பல் வேலையும் வளைகுடாவும்தான் வெளியே போகும் வழி. முதல் தகவல் அறிக்கையில் பெயர் சேர்ப்பதன் மூலம் அந்த வழியை அடைக்க முடியும் என்பது, தண்டனையே இல்லாமல் தண்டிப்பதாகும்.

டாஸ்மாக்கை மூட வேண்டும் என்பீர்களா, திறந்திருக்கட்டும் என்பீர்களா?

அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் பனைமரத்தின் உச்சிக்குப் போக வேண்டும். பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடியும் சாறு புளிக்காது. அது பதனீர், காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே சாறு கள்ளாகிறது. முன்னது செய்தால் அவர் பாரம்பரியத் தொழிலாளி. பின்னது செய்தால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படிக் குற்றவாளி. எங்கள் தோட்டத்தில் நின்ற பனைகளில் ஏறிய பெரியவர் ஒருவரை, கலயத்தை மோந்து பார்த்தே பிடித்துக்கொண்டு போனதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அன்று சுண்ணாம்பு குறைவாகப் போட்டுவிட்டதாக அவர் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது எவருடைய வேலையும் இல்லை என்பது என் வாதம்.

தமிழ்நாட்டில் கள் 1987 ஜனவரி முதல் தடையில் இருக்கிறது. 1983இல் அரசு தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. ஆகவே இன்றைய நிலைமை, மரத்தில் வடிவதை மரமேறியவர் விற்கக் கூடாது. ஆலையில் வடிப்பதை அரசு விற்கும். குடிப்பழக்கத்தால் அழிந்த குடும்பங்களைக் காட்டி என்னிடம் வாதாடுபவர்கள் உண்டு. என் குடும்பத்திலேயே ஒருவரைக் காட்ட முடியும் என்பதால் அவர்களோடு குரலுயர்த்த மாட்டேன். ஆனால் குடியைக் குறைக்க நினைக்கும் அரசு, கலயத்தைத் தடுத்துக் குவார்ட்டர் பாட்டிலை விற்காது. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை மலைப்பாதை ஏறிக் கேரளத்தின் ஆரியங்காவுப் பக்கம் போனால் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. ஒரே மலையின் இரண்டு சரிவுகள். மேற்கே போனால் தொழில், கிழக்கே வந்தால் குற்றம். பனையேறிகளின் பிள்ளைகள் மேற்கேயும் போகவில்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். இந்த ஆனியில் வந்தபோது எங்கள் தோட்டத்தில் பதனீர் இறக்க ஆளில்லை.

என் பதில்: கள்ளுக்கான தடையை நீக்க வேண்டும், சில்லறை விற்பனையிலிருந்து அரசு விலக வேண்டும், குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரையும் மனைவியை அடிப்பவரையும் இன்றைய அளவைப்போலப் பல மடங்கு கடுமையாகத் தண்டிக்க வேண்டும்.

இலவச அரிசியை எதிர்க்கிறீர்களா?

எதிர்ப்பேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். இல்லை. அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கிய 2011க்குப் பிறகு, வயல் வேலைக்குக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை என்று எங்கள் உறவினர்கள் அங்கலாய்க்கிறார்கள். அதையே நான் வேறுவிதமாகக் கேட்கிறேன். வீட்டில் அரிசி இருப்பவர், பிடிக்காத கூலிக்கும் பிடிக்காத பேச்சுக்கும் "வரல்ல, அண்ணாச்சி" என்று சொல்ல முடிகிறது. அவருக்கு அப்படியொரு வாய் முன்பு இல்லை. வரிப்பணத்தில் கொடுப்பது கொள்கைக்கு ஒவ்வாது என்று என் ஐரோப்பிய நண்பர்கள் சொல்வார்கள்; அவர்கள் யாரும் நாற்று நடவுக்கு ஆள் பிடிக்கும் தெருவில் வளர்ந்தவர்களல்லர். பொருளாகத் தருவதை விடப் பணமாகத் தருவது மேல் என்பதோடு என் எதிர்ப்பு முடிகிறது.

சந்தையும் படிப்பும் வந்தால் ஜாதி தானாகப் போய்விடும் என்பதுதானே உங்கள் வாதம்?

முப்பது வயதில் அப்படித்தான் சொன்னேன். அதற்குச் சான்றும் வைத்திருந்தேன்: கோயிலுக்குள் விடாத காலத்தில் நாடார்கள் அரசிடம் கையேந்தாமல், விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை என்று சிறுதொகை ஒதுக்கி, அதிலிருந்து பள்ளிகளை நடத்தினார்கள், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியையே தொடங்கினார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். சுயமுயற்சிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை எந்த நாட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் வணிகப் பாதை கையிலிருந்தவர்களுக்குக் கிடைத்த வழி அது. நிலமும் இல்லாமல், கடை வைத்தால் வாங்க ஆளும் இல்லாமல் இருந்தவர்களுக்கு எந்தச் சந்தை வாசலைத் திறந்தது? 1936இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. ஆகவே அங்கே அரசாணையால் கதவு திறந்தது. கிழக்கே சில மைல் தள்ளியிருந்த பிரிட்டிஷ் பகுதியில் அப்போது அது மூடியே இருந்தது. அந்த வாசலைத் திறந்தது அரசு என்பதை நான் மறைக்க முடியாது. அரசு என்னும் அதே அமைப்பு 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின் மீது தடியடி நடத்தி, தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறக்கக் காரணமானது என்பதையும் மறைக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவரைத்தான் நான் நண்பராகக் கொள்கிறேன்.

தொழில்நுட்பத் துறையில் இருந்துகொண்டு ஆதாரையும் யுபிஐயையும் குறை சொல்கிறீர்களே?

யுபிஐயைக் குறை சொல்லவில்லை. சூரிச்சில் இருக்கும் எந்தப் பணச்செயலியையும் விட அது வேகமானது, எளிமையானது. என் கவலை, அது ஒன்றே வழியாகிவிடுவதைப் பற்றியது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் முடங்கியது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள், கணவனுக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அந்த மாதம் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சேமிப்பு எந்த வரியையும் ஏய்த்ததன்று; ஒரு மனிதனிடமிருந்து ஒரு பெண்ணைக் காத்துக்கொண்டிருந்தது. இப்போது கூலி வங்கிக் கணக்குக்கு வருகிறது. குறுஞ்செய்தியோ கணவனின் செல்பேசிக்குப் போகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததை நான் படித்தபோது, அந்த அரிசிப் பானைதான் நினைவுக்கு வந்தது.

ஆதாரைப் பொறுத்தவரை, தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்டு வற்புறுத்த இடமளித்த பிரிவை 2018 செப்டம்பரில் அதே நீதிமன்றம் நீக்கியது. ஆனாலும் விடுதி அறை முதல் சிம் கார்டு வரை முதலில் கேட்பது அதைத்தான். வேறு அடையாள அட்டையைக் காட்டினால் முகத்தைப் பார்க்கிறார்கள். என் அம்மாவின் விரல்ரேகை பல ஆண்டு வேலையில் தேய்ந்துவிட்டது. கருவி அவரை அடையாளம் காணாத நாட்களில், அறுபது ஆண்டாக அவரை அறிந்த கடைக்காரரும் அடையாளம் காண முடியாதவராகிறார்.

இணையத்தை நிறுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 மே 22 அன்றும் மறுநாளும் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தையொட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததையடுத்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாட்களுக்கு இணையச் சேவையை நிறுத்த உத்தரவிட்டார்கள். பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாற்றப்பட்ட ஆண்டு அது. என் அக்காள் மகன் விண்ணப்பத்தோடு பேருந்தேறிக் கோவில்பட்டியும் தாண்டி விருதுநகருக்குப் போனான். எல்லாவற்றையும் ஒரே கம்பிக்குள் கொண்டுவந்துவிட்டு அந்தக் கம்பியின் சாவியை ஓர் அதிகாரியிடம் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். இத்தகைய உத்தரவுகள் காலவரையற்றவையாக இருக்கக் கூடாது, வெளியிடப்பட வேண்டும் என்று 2020 ஜனவரியில், காஷ்மீர் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிட்காயின் வாங்கலாமா?

அது 2009இல் தொடங்கியது. 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் உருவாக்க முடியாதபடி அமைக்கப்பட்டது. எந்த அரசும் அச்சடிக்க முடியாது என்பதால் எனக்குப் பிடிக்கும். மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் வாங்காதீர்கள். இந்தியாவில் 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரியும், விற்கும்போது 1 சதவீதப் பிடித்தமும் உண்டு.

ஹெல்மெட்?

போடுங்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்பது என் கொள்கை. வண்டிக் கண்ணாடியில் மாட்டி வைத்திருப்பது எந்தக் கொள்கையும் அன்று.

ஆற்றுத் தண்ணீரையும் தனியாருக்கு விற்கலாம் என்பீர்களா?

என் கொள்கை எனக்கு விடை தராத கேள்வி இது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தவிர மற்றவை ஆங்கிலேயருக்கு முந்தியவை. கால்வாயில் வரும் நீரை எந்த மடையில் எத்தனை நாழிகை விடுவது என்பதை நீர்பாய்ச்சியும் வயற்காரர்களும் தமக்குள் வகுத்துக்கொண்ட முறை எங்கள் ஊரில் என் தாத்தா காலம்வரை பெரும்பாலும் வழக்குமன்றம் போகாமலே நடந்தது. அது தனியுடைமையும் இல்லை, அரசுடைமையும் இல்லை. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்பதை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பெற்றபோது, கன்னடியன் கால்வாய்க்குக் கிடைத்ததுபோல மகிழ்ந்தேன். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் கொடுப்பதற்கு விதிக்கப்பட்ட இடைக்காலத் தடையை 2017 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விலக்கியது. விற்பது தவறு என்பதை விட, விற்றவருக்கு அதன்மீது என்ன உரிமை இருந்தது என்பதே என் சங்கடம். கடைமடைக்காரரைக் கேட்காமல் தலைமடையில் உடைப்பவரை ஊரில் என்னவென்று சொல்வோமோ, அதையே இங்கும் சொல்லத் தோன்றுகிறது.

வாக்களிக்கிறீர்களா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாட்டுவாசி, 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படிச் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். ஒருமுறை வந்தேன். எங்கள் சித்தப்பா, "விமானச் செலவுக்கு நம்ம ஊர்ல ரெண்டு வார்டையே வாங்கிருக்கலாமே" என்றார்.

வெளிநாடு போகும் இளைஞர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுக்காதீர்கள். கேட்டால் நகலைக் கொடுங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். முகவர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். திரும்பி வருவதற்கான பயணச்சீட்டுப் பணத்தை எப்போதும் தொடாமல் வைத்திருங்கள். என் முதல் மூன்று ஆண்டுகளில் எனக்குத் தைரியம் தந்தது கொள்கை எதுவும் இல்லை, அந்தப் பணந்தான்.

சுவிஸ் குடியுரிமை வாங்கினீர்களா? ஊருக்குத் திரும்பி வருவீர்களா?

வாங்கவில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அயல்நாட்டுக் குடிமகனாகி, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கினால் வரலாம், போகலாம், தங்கலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல் விலைக்கு வரும் என்று பதினைந்து ஆண்டாகக் காத்திருக்கிறேன்.

திரும்புவதைப் பற்றி யோசிக்கும்போது இரண்டு கணக்குகள் குறுக்கே நிற்கின்றன. சுவிட்சர்லாந்தை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், முன்கூட்டியே விண்ணப்பிக்காத பட்சத்தில், என் வசிப்பிட அனுமதி காலாவதியாகிவிடும். நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் இந்திய வருமான வரிச் சட்டம் என்னை இங்குள்ளவனாகவே கருதும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பிசான நெற்பட்டம் அடங்குகிறது. நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரை ஐந்து மாதம். வரும் புரட்டாசிக் கடைசியில் வந்து, குத்தகைக்கு விட்டிருக்கும் வயலை ஒருமுறை நானே பயிரிட்டுப் பார்ப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மாசி முடிவுக்குள் அறுப்பு மிஷின் கிடைக்காமல் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.